கதவுக்கு இந்தப் பக்கம்

டக், டக், ஊசி கடைசிப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, பாட்டு முடிந்துவிட்டது, ரெக்கார்டு நிற்கவில்லை, ஒரு சுற்றுக்கு ஒரு டக், யாரோ விரல் முட்டியால் பொறுமையாகக் கதவைத் தட்டுவது போல, நான் நாற்காலியில் கண்மூடிக் கிடக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருக்கும், அந்தப் பாட்டு அறைக்குச் சன்னல் கிடையாது, இருந்த ஒன்றையும் நானே பலகை அடித்து மூடியிருந்தேன், வெளியே வெயிலா மழையா தெரியாது, தூங்கினேனா கேட்டுக்கொண்டிருந்தேனா அதுவும் தெரியாது, டக், எழுகிறேன், ஊசியைத் தூக்குகிறேன், கதவைத் திறக்கிறேன், திறந்துகொண்டே ஏதோ சொல்கிறேன், என்ன சொன்னேன் என்பது மட்டும் நினைவில் இல்லை, சமையலறை வாசலைத் தாண்டி ஒரு கால் நீண்டிருக்கிறது, வெள்ளிக் கொலுசு, கோதையின் கால். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தெளிவாக இருக்கிறது, அடுப்பு மேடைமேல் தம்ளரில் சாய்ந்திருந்த அவள் ஃபோனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டது, மாடிப்படி வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாமல் அவளைப் போர்வையில் தூக்கி இறக்கியது, டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எத்தனை நேரமா நினைவில்லாம இருந்தாங்க என்று கேட்டது, தெரியாதுங்க, அதுக்கு முன்னாடி தலைவலின்னு ஏதாவது சொன்னாங்களா, உங்களைக் கூப்பிட்டாங்களா, எனக்குக் கேக்கலீங்க. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. இருபத்தெட்டு வயது. ஒரு கால்மணி நேரம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணிப் பாத்திருக்கலாம் என்றார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குக் கேக்கலீங்க. இதை அவள் அம்மாவிடம் சொன்னேன், அவள் அண்ணன் தாமோதரனிடம் சொன்னேன், மின்மயானத்தில் எனக்கு யாரென்றே தெரியாத ஒருவரிடம் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள், நம்பாமலிருக்கக் காரணம் இல்லை, அந்த அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு படுக்கையறை வீட்டில் ஒன்றைப் பாட்டுக்கென்று எடுத்துக்கொண்டேன், சுவர் முழுக்கத் துணி போர்த்திய பஞ்சுப் பலகை, கதவுச் சட்டத்தைச் சுற்றி ரப்பர், மூடினால் கார் கதவு போல ப்ப் என்று ஒரு சத்தம், உள்ளங்கையால் யாரோ நம் காதைப் பொத்துவது போல. நடுவில் ஒரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் நாற்காலிக்கு ஒரே தூரம், நூல் பிடித்து அளந்து தரையில் டேப் ஒட்டியிருந்தேன், அங்கே உட்கார்ந்தால்தான் பாடுகிறவர் நடுவில் நிற்பார், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். கல்யாணமான புதிதில் கோதை வாசற்படியில் நின்று பார்க்கிறாள், இடுப்பில் கை, ஏனுங்க மாமா, ரெண்டு ஸ்பீக்கரு வாங்கத் தெரிஞ்சவருக்கு ரெண்டு சேரு வாங்கத் தெரியலீங்களா. இருவர் உட்கார்ந்தால் இருவருக்குமே சரியாகக் கேட்காது என்று விளக்குகிறேன், தாளில் முக்கோணம் வரைந்து விளக்குகிறேன், அவள் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறாள், அப்ப நான் செவுத்தோரம் நின்னுக்கறனுங்க, சாமி பாக்கற மாதிரி. அப்படித்தான் நின்றாள், வலது சுவரோரம், முதுகைப் பலகையில் சாய்த்து, ஒரு பாட்டு நிற்பாள், பிறகு அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிப் போய்விடுவாள். ஒரே ஒரு தடவை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னேன், நன்றாகப் பாடுவாள், இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினாள், முகம் மாறியிருந்தது, இங்க வேண்டாங்க மாமா, பாடுனா வாயிலிருந்து யாரோ புடுங்கிட்டுப் போற மாதிரி இருக்குது, போனது திரும்பி வரவே மாட்டேங்குது. அதற்குப் பிறகு சமையலறையில்தான் பாடினாள், டைல்ஸ் பதித்த சுவர், தொங்கும் கரண்டிகள், எவர்சில்வர் டப்பாக்கள், எல்லாம் அவள் குரலை அவளுக்கே திருப்பிக் கொடுத்தன.

ரெக்கார்டில் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம் ஓடும், நடுவில் எழுவது எனக்குப் பிடிக்காது, பாடுகிறவரை மேடையில் விட்டுவிட்டு முன்வரிசையிலிருந்து எழுந்து போவது போல இருக்கும், அதனால் யார் கூப்பிட்டாலும் சைடு முடியட்டும் என்பேன், கேஸ் சிலிண்டர் வந்தாலும் சைடு முடியட்டும், சாப்பாடு ஆறினாலும் சைடு முடியட்டும். அதுவே எங்கள் வீட்டில் வேடிக்கையாயிற்று, ஃபோனில் அவள் அம்மா சாப்டீங்களா என்று கேட்டால் கோதை என்னைப் போலக் குரலைக் கனமாக்கிக்கொண்டு இல்லீங்கம்மா, இன்னும் சைடு முடியல என்பாள், அந்தப் பக்கம் சிரிப்பது எனக்குக் கேட்கும். நான் தூக்கத்திலும் அதையே சொல்வேனாம், எழுப்பினால் கண் திறக்காமலே தெளிவாகப் பதில் சொல்வேனாம், காலையில் கேட்டால் எனக்கு ஒன்றுமே தெரியாதாம், நேத்து உங்களைப் பால்காரருக்குப் பதில் சொல்லுங்கன்னு எழுப்புனனுங்க, என்ன சொன்னீங்க தெரியுங்களா. என்ன சொன்னேன். வேறென்னத்த சொல்லுவீங்க. இன்னொரு நாள், துணி மடித்துக்கொண்டே, கொழந்தை பொறக்கற நேரத்துலயும் நீங்க அதைத்தான் சொல்லுவீங்க, நானே ஆட்டோ புடிச்சுப் போய்க்கறேன் போங்க என்றாள். என் பனியனை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், அந்த மடிப்பு இப்போதும் அலமாரியில் அப்படியே இருக்கிறது, அந்த அடுக்கிலிருந்து நான் எடுப்பதில்லை.

மூன்றாம் நாள் தாமோதரன் என் ஸ்பீக்கர்களை எடுத்துப் போனார், கோதைக்கு எட்டு வயது மூத்தவர், பீளமேட்டில் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர், பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத சின்னக் குரல், என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கயிறு கட்டிவிட்டு, இது இங்க வேண்டாங்க மாப்ள, பாத்தாலே வயித்தெரிச்சலா இருக்குது, பட்டறையில் போட்டு வைக்கறேன் என்றார். சரி என்றேன். அப்போதெல்லாம் எதற்கும் சரி என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வருவார், தூக்குப் போசியில் குழம்பு கொண்டுவருவார், எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பார், கைகழுவிவிட்டு வந்தால் போய்ட்டு வர்றனுங்க மாப்ள என்பார், அவ்வளவுதான், எட்டு மாதத்தில் நான் பேசிய மனிதர் அவர் ஒருவர்தான் என்று சொல்லலாம், உங்க மேல என்னங்க மாப்ள தப்பு, கேட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டீங்களா என்று நடுநடுவே அவராகவே சொல்வார், நான் சோற்றைப் பிசைவேன், அந்த வாக்கியத்தின் மேல்தான் அந்த வாரம் முழுக்க நின்றேன், அடுத்த ஞாயிறு இன்னொன்று கிடைக்கும்.

ஆறாம் மாதம் அவள் ஃபோனுக்கு சார்ஜ் போட்டேன், ஏன் போட்டேன் என்று தெரியவில்லை, பதிவுகளில் கடைசியாக ஒன்று இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை, இருபத்து மூன்று நிமிடம். தாமோதரனின் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள், அத்தை பாடியே ஆகவேண்டும் என்று அந்தக் குழந்தை அடம்பிடித்ததில் கோதை ஒரு தாலாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள், பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்ப நினைத்திருக்கிறாள், ஃபோனைத் தம்ளரில் சாய்த்துவைத்துப் பாடியிருக்கிறாள், நான்கு நிமிடம் பாட்டு, நடுவில் வரி மறந்து சிரிக்கிறாள், மறுபடி தொடங்குகிறாள், ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறாள், அதன்பின் பத்தொன்பது நிமிடம் பாட்டில்லை, ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் மணல் கொட்டுவது போல ஓர் இரைச்சல் மட்டும், சில நொடிக்குமேல் கேட்கத் துணியாமல் நிறுத்திவிட்டேன். அந்த இரைச்சலுக்குள்தான் நான் வெளியே சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் உண்மையா பொய்யா என்பது இருந்தது. ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்தேன், அரை நிமிடம், அவள் என் மண்டைக்குள் நின்று பாடினாள், மூச்சு விட்டாள், கழற்றி எறிந்துவிட்டேன். எனக்கு அவள் உள்ளே வேண்டாம், அவள் நின்ற இடத்தில் நிற்கவேண்டும், எத்தனை அடி தள்ளி நின்றாள், எந்தப் பக்கம் திரும்பினாள், வாய் திறந்தாளா, அதை இரண்டு நல்ல ஸ்பீக்கர்களால்தான் காட்டமுடியும், பத்து வருடமாக இந்தப் பைத்தியத்தில் இருப்பவனுக்கு இதுவாவது தெரியும். அவள் கூப்பிடவேயில்லை என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று நினைத்தேன். கேட்டுவிட்டால் தூங்கலாம்.

என் ஸ்பீக்கர்களைத் தாமோதரனிடம் திருப்பிக் கேட்க மனம் வரவில்லை, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் ஸ்பீக்கர் கடை, பெயர்ப்பலகை இல்லை, ஃபோனில் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும், ஜவஹர் என்பவர் நடத்துகிறார், சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் டேப் அளவுகோல், நன்றாகப் பழகிய பாட்டாக ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார், எல்லாக் கடையிலும் அப்படித்தான் சொல்வார்கள், பழகிய குரலில்தான் புது ஸ்பீக்கரின் குணம் தெரியும். பென் டிரைவைக் கொடுத்தேன். என்னை ஒற்றை நாற்காலியில் உட்காரவைத்தார், எதிரே சுவரிலிருந்து சுவர்வரை மெல்லிய கறுப்புத் திரையை இழுத்துவிட்டார், அது அவருடைய வழக்கம், பின்னால் மூன்று ஜோடி நிற்கிறது, எது பாடுகிறதென்று தெரியாது, பேரப் பாத்தா காது பொய் சொல்லும் சார், வெலையப் பாத்தா அதவிடப் பெரிய பொய் சொல்லும், நான் ஒண்ணு ரெண்டு மூணுன்னு மட்டும் சொல்லுவேன், நீங்க நம்பர் சொல்லுங்க, அப்பறந்தான் தெரை. தலையாட்டினேன். நம்பர் ஒண்ணு என்றார்.

திரைக்குப் பின்னால் கோதை தொண்டையைச் செருமினாள். நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் கொஞ்சம் இடப்பக்கமாக நின்றாள், நான் எழுந்து நின்றால் என் தலை உயரத்துக்குச் சற்றுக் கீழே வாய், சரியான உயரம்தான், பாடத் தொடங்கினாள், துணி அசையவில்லை. ஜவஹர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, யாருங்க சார் இது, புதுப் பொண்ணா, ஸ்டுடியோ மாதிரி இல்லையே என்றார். வீட்டில் பாடியது என்றேன். உங்க வீட்லயா. ஆமாம். நம்ம மேடமா, அடடா, நல்ல சாரீரம் சார், வியாபாரத்துக்குச் சொல்லல, அடுத்த தடவ அவங்களயும் கூட்டிட்டு வாங்க, லேடீஸ் காது ரொம்பக் கரெக்டு, எங்க வீட்ல நான் சமையக்கட்டுல ஒரு டப்பாவத் தொறந்தாப் போதும், எந்த டப்பான்னு ஹால்லருந்தே சொல்லிருவா, முறுக்கு டப்பாவா இருந்தா செத்தேன். சரி, கூட்டிட்டு வர்றேன் என்றேன். அந்தப் பொய் சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. நம்பர் ரெண்டு. கண்ணாடி வளையல் கேட்டது, அடுப்புச் சுடரின் மெல்லிய இரைச்சல் கேட்டது, வரி மறந்து சிரித்தபோது பற்களுக்கு நடுவே காற்று போவது கேட்டது, ஜவஹர் என் முகத்தைப் பார்த்தார், இது ஓகேதான், ஆனா நீங்க தேடறது இதில்ல, சரிங்களா, மூணு கேட்டுருங்க.

நம்பர் மூன்றில் அறை வந்தது. முதலில் குரல் வரவில்லை, எங்கள் சமையலறை வந்தது, அதன் நீளம், அதன் அகலம், டைல்ஸ் சுவர், ஃபோன் சாய்ந்திருந்த தம்ளரின் மெல்லிய அதிர்வு, பிறகு பாடுவதற்கு முன் அவள் இழுக்கும் மூச்சு, அந்த மூச்சை நான் கல்யாணமாகி இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, அதற்கும் அடியில், தரைக்குக் கீழிருந்து வருவது போல, தும், தும் தும். பின்னாடி தவில் சார் என்றார் ஜவஹர் மெதுவாக, கேக்குதுங்களா, பக்கத்து ரூம்ல யாரோ நாயனக் கச்சேரி ரெக்கார்டு போட்டிருக்காங்க, கதவு நல்ல தடிமனான கதவு, நாயனத்த முழுசா நிறுத்திருச்சு, தவில மட்டும் விட்டிருக்குது, தவில எந்தக் கதவாலயும் நிறுத்தமுடியாது. எனக்குத் தெரியும், அன்று காலை என்ன ரெக்கார்டு ஓடியது என்று எனக்குத் தெரியாதா, உக்கடத்தில் பழைய சாமான் கடையில் எடுத்தது. பாட்டு முடியப் போகிறது, நான் கையைக் காட்டி நிறுத்தியிருக்கவேண்டும், கடையில் பாட்டோடு நிறுத்துவது என்றுதான் முடிவு செய்து வந்தேன், கை எழவில்லை. கோதை வரியின் நடுவில் நின்றாள். ஸ் என்றாள். கொலுசு நடந்தது, பாருங்க பாருங்க நடக்கறாங்க என்றார் ஜவஹர், எழுந்தே நின்றுவிட்டார், இடதுலருந்து பின்னாடி போறாங்க, அஞ்சடி, எட்டடி, பத்தடி இருக்கும் சார், அளந்து சொல்லலாம், எங்கள் சமையலறையிலிருந்து அந்த அறை வாசல் பத்தடி, திடீரென்று திரைக்குப் பின்னால் நாயனம் பீறிட்டு வந்தது, நான் துள்ளி எழுந்தேன், போதும், நிறுத்துங்க. நிறுத்தினார். அவர் முகம் பூரித்திருந்தது. கதவு தொறந்தாங்க, கேட்டீங்கல்ல, அதுவரைக்கும் வெறும் தவிலு, கதவு தொறந்ததும் நாயனம், மத்த ரெண்டு ஜோடியிலயும் இது வரவே வராது, வேணும்னா போட்டுக் காட்டறேன், ஒரு வீட்ல கதவு தொறக்கறதக் கேக்க வெக்கிது பாருங்க, இதுதான் சார் ஸ்பீக்கரு. திரையை இழுத்தார். ஆளுயரம், கறுப்பு, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு துணி. இரண்டும் என்னைப் பார்த்து லேசாக உட்பக்கம் திரும்பி நின்றன. மூணே எடுத்துக்கறேன் என்றேன்.

எட்டிப் பார்த்திருப்பாள், திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கதவைத் திறந்திருப்பாள், நான் கண்மூடிக் கிடப்பதைப் பார்த்திருப்பாள், தூங்கறாங்க பாவம் என்று ஒன்றும் சொல்லாமல் மூடியிருப்பாள், அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான், அப்படியானால் எனக்குக் கேக்கலீங்க என்பது அப்போதும் உண்மைதான், காந்திபுரம் வருவதற்குள் அதை ஏழெட்டு விதமாகப் பார்த்துவிட்டேன், எல்லா விதத்திலும் உண்மையாகத்தான் இருந்தது. ஞாயிறன்று ஜவஹரின் ஆட்கள் வந்து பெட்டிகளைப் பிரித்தார்கள், தரையில் எட்டு மாதமாக வெறுமனே கிடந்த டேப்பின் மேல் நிறுத்தினார்கள், போனார்கள், அவர்கள் இறங்கும்போதுதான் தூக்குப் போசியோடு தாமோதரன் ஏறி வந்தார், அறை வாசலில் நின்று பார்த்தார், முகம் சுருங்கியது, என்னங்க மாப்ள இது, ஒரு சனியனைத் தூக்கிட்டுப் போனா இன்னொரு சனியனை, அதும் இத்தாச்சோட்டுல, ஆளு ஒசரத்துக்கு. கோதை பாடுனது இருக்குதுங்க மச்சான் என்றேன். அவர் குழம்பைக் கீழே வைத்தார். எப்பப் பாடுனது. அன்னைக்குத்தான், காதுகுத்துக்கு, உங்களுக்கு அனுப்பறதுக்கு. அப்ப அது என்ற சாமானுங்க மாப்ள, எனக்குப் பாடுனது என்றார், கோபமில்லை, குழந்தை போலச் சொன்னார், உள்ளே வந்து அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார், அது அவருக்குச் சின்னதாக இருந்தது, முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டார். பாட்டு முடிஞ்சதுக்கு அப்பறமும் இருக்குது மச்சான், எனக்கே முழுசாத் தெரியாது. போடுங்க என்றார். கூப்பிட்டாளான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க. போடுங்க மாப்ள.

நான் வலது சுவரோரம் போய் நின்றேன், வேறு இடமில்லை, முதுகு பலகையில் பட்டது, பஞ்சு ஓரிடத்தில் லேசாக அமுங்கியிருந்தது, என் தோளுக்குக் கீழே, அவள் தோள் உயரத்தில். கதவை மூடினேன், ப்ப். கோதை செருமினாள், பாடினாள், வரி மறந்து சிரித்தபோது தாமோதரனும் சிரித்தார், லூசு, இவளுக்கு எப்பவும் இந்த வரிதான் மறக்கும் என்றார் நடுவிலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து. எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை, சுவரோரம் நின்றால் அருகிலிருக்கும் ஒரு ஸ்பீக்கர்தான் கேட்கும், அதிலும் தவில்தான், காதோடு சேர்த்து முதுகிலும் அடிக்கிறது, இத்தனை நாளும் இதைத்தான் நின்று கேட்டாளா, இதற்குத்தான் வந்து நின்றாளா என்று நினைத்தேன். பாட்டு நின்றது, கொலுசு போனது, நாயனம் பெருகியது. தாமோதரன் புறங்கையால் கண்ணைத் துடைக்கப் போனார், கை கன்னத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. நாயனத்துக்கு நடுவே ஏதோ பேச்சு போல ஒன்று போயிற்று, எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டது. அவர் என் பக்கம் திரும்பவில்லை, நடுவிலேயே பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு மட்டும் எழுந்திருந்தது, மறுபடி வெறும் தவில், இன்னும் கொஞ்சநேரம் இருந்துவிட்டு மெதுவாக எழுந்தார், நிறுத்துங்க.

நிறுத்தினேன். என்னங்க மச்சான். ஒண்ணுமில்லீங்க. கூப்பிட்டாளா. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், பலகைகளை, ரப்பரை, தரை டேப்பை, ஒவ்வொன்றாக, பட்டறையில் கெட்டுப்போன உருப்படியைப் பார்ப்பது போல, நீங்க சொன்னதுதானுங்க, ஒண்ணும் கேக்கல என்றார். காப்பி போட்டுவைத்திருந்தேன், குடிக்கவில்லை, வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார், ஒரு செருப்பு காலில் ஏறாமல் மறுபடி மறுபடி நழுவியது, நான் குனிந்து பிடிக்கப் போனேன், காலை இழுத்துக்கொண்டார். படியில் இறங்கிக்கொண்டே போறேன் என்றார். வர்றேன் என்று சொல்லவில்லை, மாப்ள என்று சொல்லவில்லை, நான் கைப்பிடிச் சுவரில் நின்று அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன், குழம்புப் போசியை விட்டுப் போயிருந்தார், அடுத்த ஞாயிறு அதை எடுக்க வருவார் என்று நினைத்துக்கொண்டேன், வரமாட்டார் என்றும் தெரிந்தது.

நாற்காலி இன்னும் சூடாக இருக்கிறது. உட்காருகிறேன், கதவை மூடியிருக்கிறேன், ப்ப், முதலிலிருந்து போடுகிறேன், இரண்டு கறுப்பு உருவங்களுக்கு நடுவே என் வீட்டுச் சமையலறை திறக்கிறது, கோதை மூச்சிழுக்கிறாள், பாடுகிறாள், சிரிக்கிறாள், நிற்கிறாள், கொலுசு பத்தடி நடக்கிறது, ரப்பர் உரியும் சத்தம், நாயனம், அதற்கு நடுவில் அவள் குரல், சின்னதாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, ஏனுங்க மாமா, தலை என்னமோ பண்ணுது, கண்ணெல்லாம் இருட்டிட்டு வருது, சித்த எந்திரிச்சு வாங்க. நாயனம் ஒரு சுற்று சுற்றி வருகிறது. அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் பேசுகிறது, தூக்கக் கலக்கம், அன்பான குரல்தான், கோபமே இல்லை, இந்த ஸ்பீக்கர்கள் அதை எங்கே நிறுத்தவேண்டுமோ மிகச் சரியாக அங்கே நிறுத்துகின்றன, சைடு முடியட்டும் கோதை.

அவள் காத்திருக்கிறாள், நாயனம் ஓடிக்கொண்டிருப்பதால் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று தெரிகிறது, நான் எண்ணுகிறேன், ஏழுவரை எண்ணுகிறேன். மூக்கால் லேசாகச் சிரிக்கிறாள். சரிங்க என்கிறாள். ப்ப்.

கொலுசு திரும்பி வருகிறது, போனதைவிட மெதுவாக, ஒரு கால் இழுபடுகிறது, ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டு சுவரில் முட்டி நிற்கிறது, எந்தப் பாத்திரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும். வளையல் தரையில் படுகிறது. இன்னொரு தடவை படுகிறது. பிறகு தவில், தும், தும் தும், கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறான், கதவுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன், அல்லது இதுதான் அந்தப் பக்கமா, அதே நாற்காலி, அதே டேப், மிச்சமிருக்கும் அதே பதினேழு நிமிடம், எழுந்து போய்விடலாம், எழவில்லை, அவளுடைய மூச்சு கேட்கிறது, தரைக்குப் பக்கத்தில், இடது மூலையில், நம்பர் ஒன்றில் இது கேட்டிருக்காது, நம்பர் இரண்டிலும் கேட்டிருக்காது, நீண்டு, குறுகி, குறட்டை போல மாறி, எப்போது நின்றது என்று தெரியாதபடி தவிலுக்குள் போய்விடுகிறது, நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், கடைசி உருப்படி, கைதட்டல், பாட்டு முடிந்துவிட்டது, டக், டக், ரெக்கார்டு பிளேயர் மூலையில் துணி மூடிக் கிடக்கிறது, அதன்மேல் எட்டு மாதத் தூசி, ரெக்கார்டு எதுவும் ஓடவில்லை, டக், ஒரு சுற்றுக்கு ஒரு டக், பொறுமையாக, அவள் கை, அவள் விரல் முட்டி, டக், பிறகு அதுவும் நிற்கிறது, யாரோ ஊசியைத் தூக்கிவிட்டார்கள், காலடி வருகிறது, ரப்பர் உரிகிறது, கதவு திறக்கிறது, திறந்துகொண்டே நான் சொல்கிறேன், முடிஞ்சிருச்சு கோதை, இப்பச் சொல்லு.